மண்ணுளியும் இருதலையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவையொட்டி மயிலாப்பூரில் நடைபெற்ற சிறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு மலருக்காக என்னிடம் ஒரு கவிதை கேட்டார்கள். எந்தக் கவிதை என்பதையும் மலர்க்குழுவினரே முடிவு செய்திருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு நம் கவியரங்கில் நான் படித்த 'இருதலை' என்னும் கவிதை அது. முன்னும் பின்னும் தலை கொண்ட பாம்பை, இருபுறமும் இனிக்கப் பேசி இருபுறமும் கடிக்கும் மனிதனுக்கு உவமையாக்கியிருந்தேன். அன்று இந்த அவை கைதட்டி வரவேற்றது. அந்தக் கவிதையை மலருக்குத் தர இயலாது என்று மறுத்துவிட்டேன். மறுத்ததற்குரிய காரணத்தைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. அந்தக் காரணமே இன்றைய உரை.

கவியரங்கம் முடிந்த சில நாட்களில் என் வகுப்பு மாணவியர் சிலரிடம் அக்கவிதையைப் படித்துக் காட்டினேன். எல்லோரும் போனபின் ஒரு மாணவி மட்டும் தயங்கி நின்றாள். செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். "அம்மா, தவறாக நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் அதை மண்ணுளி என்போம். எலி வளையில்தான் கிடக்கும். அதற்கு ஒரு தலைதான். நாம் அடிக்கப் போனால் தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டும். அடி வாலில் விழட்டும், உயிர் பிழைக்கட்டும் என்று. அது யாரையும் ஏமாற்றுவதில்லை அம்மா, பயப்படுகிறது" என்றாள். சற்று நேரம் கழித்து, "அதற்கு இருதலை என்று சொல்லித்தான் எங்கள் தாய்மாமா நிலத்தை இழந்தார்" என்றும் சொன்னாள்.

அன்று எனக்குத் தலைகுனிவாக இருந்தது. முனைவர் பட்டம் பெற்ற நான் பாராத ஒன்றை அந்தப் பெண் பார்த்திருந்தாள். அதன்பின் இந்தப் பாம்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். நான் விலங்கியல் கற்றவள் அல்லள். ஒரு சொல்லின் வரலாற்றைத் தேடிப் போனவள். தேடியதில் கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

விலங்கியலார் இப்பாம்புகளை 'எரிக்ஸ்' என்னும் பேரினத்தில் வைக்கின்றனர். நஞ்சில்லாத, தடித்த, மணலுக்குள் புதைந்து வாழும் பாம்புகள் இவை. வட ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா, நடு ஆசியா வழியாக இந்தியா, இலங்கை வரை பரவியுள்ளன. ஏறத்தாழ 12 சிற்றினங்களுக்குச் சற்று மேல் இன்று கணக்கிடுகின்றனர். அவற்றுள் பல பாலைவனத்துக்கே உரியவை. நம் தமிழ் நிலத்தில் வாழ்பவை இரண்டு. ஒன்று செம்மண்ணுளி; வழவழப்பான செதிலும், செம்பழுப்பு நிறமும், தலையைப் போலவே மழுங்கிய வாலும் உடையது. இருதலை எனப்படுவது இதுவே. மற்றது சொரசொரப்பான செதிலும், ஒழுங்கற்ற கரும்பழுப்புத் திட்டுகளும், மிகக் குட்டையான கூர்வாலும் உடையது. நம் இலக்கண மரபில் பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. பிற நிலங்கள் தம் இயல்பு திரியும்போது பாலை தோன்றும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். இந்தப் பாலைக் குடும்பத்துப் பாம்புகளும் இங்கே அப்படித்தான் வாழ்கின்றன. வறண்ட புதர்க்காட்டிலும், மணற்பாங்கான மேட்டிலும், உழுது நெகிழ்ந்த புன்செய் நிலத்திலும் தமக்குரிய மண்ணைக் கண்டுகொண்டன.

இனி, இவற்றுக்குப் பெயரிட்ட கதைக்கு வருகிறேன்.

உயிர்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை விலங்குகளுக்கு முழுமையாகக் கையாண்டு லின்னேயஸ் தம் நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டது 1758இல். பாம்புகளை அவர் பிரித்தது பெரும்பாலும் வயிற்றுச் செதிலையும் வாலடிச் செதிலையும் கொண்டுதான். அந்த அளவுகோலால் இக்குடும்பத்துப் பாம்பு ஒன்று 'ஆங்குயிஸ்' என்னும் தொகுதிக்குள் விழுந்தது. அதற்கு 'ஈட்டி' எனப் பொருள்படும் 'ஜாக்குலஸ்' என்னும் பெயரை இட்டார். மணலுக்குள் மெல்ல ஊரும் பாம்புக்கு ஈட்டி என்று பெயர்! 'ஆம்ஃபிஸ்பீனா' என்று வேறொரு தொகுதியும் அவர் நூலில் உண்டு. இருபுறமும் செல்வது என்பது அதன் பொருள். கிரேக்கரும் உரோமரும் சொல்லிவந்த இருதலைப் பாம்புக் கதையின் பெயர் அது. ஆகவே இருதலைப் பாம்பு நம் நாட்டுக் கற்பனை மட்டுமன்று.

நம் கரையோரத்துப் பாம்புகளை முறையாக ஆராய்ந்தவர் பாட்ரிக் ரசல் என்னும் மருத்துவர். 1785இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண இயற்கை ஆய்வாளராக அமர்த்தப்பட்டவர்; விசாகப்பட்டினத்தில் வாழ்ந்தவர். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய அவர் நூல் 1796இல் வெளிவந்தது. எந்தப் பாம்பு நஞ்சுடையது, எது நஞ்சற்றது என்று மக்கள் தெளிவாக அறிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். பல பாம்புகளுக்கு அவ்வூர் மக்கள் வழங்கிய பெயர்களையே குறித்துவைத்தார். கண்ணாடி விரியனின் அறிவியற் பெயரில் இன்றும் இருப்பது அந்த ரசலின் பெயர்தான்.

அந்நூலின் தொடர்ச்சியில், 1801இல், தரங்கம்பாடிப் பாம்பு ஒன்றை ரசல் விவரித்தார். அதுவே நம் செம்மண்ணுளி. அதற்கு அவர் சூட்டிய பெயர் தரங்கம்பாடியில் பணியாற்றிய ஒரு சமயத் தொண்டரின் பெயர்: கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். இன்று அப்பாம்பு 'எரிக்ஸ் ஜானி' எனப்படுகிறது. யார் இந்த ஜான்? 1771இல் தரங்கம்பாடிக்கு வந்து 1813இல் மறைந்தவர். மீன்களையும் சங்குகளையும் பாம்புகளையும் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பியவர். இந்த அவையில் நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது வேறொரு செய்தி. 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' இதழின் ஏழாம் தொகுதியில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஔவையாரைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. அவருடைய நீதி நூல்களின் மொழிபெயர்ப்பும் அதில் இடம்பெற்றது. அதை எழுதியவர் இதே ஜான். ஔவையை மேலை உலகுக்கு அறிமுகப்படுத்திய முன்னோடிகளுள் ஒருவரின் பெயரை நம் வயல்வெளி எலி வளைகளுக்குள் ஒரு பாம்பு சுமந்து திரிகிறது. பல ஆண்டுகளாக ஔவையைக் கற்பிக்கும் எனக்கு இது தெரியாமல் இருந்தது.

சொல்லைத் தொகுப்பவரும் உயிரைத் தொகுப்பவரும் ஒருவராகவே இருந்த காலம் அது. ஜானோடு தரங்கம்பாடியில் பணிபுரிந்த ராட்லர் செடிகளைத் தொகுத்தார். பின்னர்ச் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து தமிழ் அகராதியும் தொகுத்தார். இப்பேரினத்திலேயே இன்னொரு சான்று உண்டு. அரேபியாவில் வாழும் சிற்றினம் ஒன்றுக்கு 1888இல் பூலாஞ்சர் இட்ட பெயர் 'எரிக்ஸ் ஜெயகரி'. மஸ்கட்டில் மருத்துவராகப் பணியாற்றிய ஆத்மாராம் சதாசிவ ஜெயகர் என்னும் இந்தியரின் பெயர் அது. அவர் ஓமானிய அரபுப் பழமொழிகளைத் தொகுத்தவர்; அல்தமீரியின் விலங்கு நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். மேற்குக் கரையோரத்துச் சிற்றினம் ஒன்றை 1991இல் இந்திரனீல் தாஸ் விவரித்து, ராமுலஸ் விட்டேக்கரின் பெயரைச் சூட்டினார். நம் கிண்டிப் பாம்புப் பண்ணையைத் தோற்றுவித்தவர் விட்டேக்கர். 1969இல் சேலையூரில் தொடங்கிய அப்பண்ணை 1972இல் கிண்டிக்கு வந்தது.

பெயர்கள் கிடைத்துவிட்டன, ஆனால் வகைப்பாடு நிலைபெறவில்லை. 'எரிக்ஸ்' என்னும் பேரினத்தை டோடன் நிறுவியது 1803இல். கிரேக்கப் புராணத்தில் ஹெராக்ளீசோடு பொருது மாண்ட சிசிலித் தலைவனின் பெயர் அது. சொரசொரப்பான நம் இரண்டாவது மண்ணுளியை 1801இல் ஷ்னைடர் 'போவா'வில் வைத்தார். வாக்ளர் 1830இல் அதற்கெனக் 'கோங்கிலோஃபிஸ்' என்னும் தனிப் பேரினம் கண்டார். அப்பேரினத்தைச் சிலர் ஏற்றனர், சிலர் விடுத்தனர்; இன்று அப்பாம்பு எரிக்சுக்குள்ளேயே வைக்கப்படுகிறது. அமெரிக்காவில் 'ரப்பர் போவா' என்னும் பாம்பு உண்டு. அதுவும் மண்ணில் புதைவது. அதன் வாலும் தலை போன்றது. அதுவும் தலையை ஒளித்து வாலைக் காட்டுவது. நெடுங்காலம் அதையும் மண்ணுளியின் நெருங்கிய உறவாக எண்ணினர். மரபணுவை ஒப்பிட்டபோது அது வேறு கிளை என்பது புலப்பட்டது. 2014இல் பைரன், ரெனால்ட்ஸ், பர்பிரிங்க் ஆகியோர் வெளியிட்ட திருத்தம் அதை வேறு குடும்பத்தில் வைத்தது. எரிக்ஸ் தனக்கெனத் தனிக் குடும்பம் பெற்றது. ஒத்த தோற்றம் உறவாகாது என்பதே இதன் பாடம். மண்ணுக்குள் வாழும் வாழ்வும் அதன் அச்சமும் இருவேறு குலங்களை ஒரே வடிவில் வார்த்துவிட்டன.

இன்னொரு திருப்பமும் உண்டு. நம் மண்ணுளிகள் முட்டையிடுவதில்லை, குட்டிகளையே ஈனுகின்றன. ஆனால் ஜெயகரின் பெயர் தாங்கிய அரேபியப் பாம்பு முட்டையிடுகிறது. குட்டி ஈன்ற முன்னோரிடமிருந்து முட்டையிடும் வழக்கத்துக்கு இது திரும்பியது என்று லிஞ்ச், வாக்னர் ஆகியோரின் ஆய்வு 2010இல் வாதிட்டது. இழந்த உறுப்பையோ இயல்பையோ உயிர்க்குலம் மீண்டும் பெறாது என்னும் பழைய கொள்கைக்கு அது ஒரு வினாக்குறி. தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்கும்போது, பறப்பவற்றின் இளமைக்குரிய பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைத் தவழ்பவற்றுக்கும் உரியவாக்குகிறார். ஊர்வனவற்றுள் முட்டையிடுவதும் உண்டு, குட்டி ஈனுவதும் உண்டு. அவர் தந்த பெயர் இரண்டுக்கும் பொருந்துகிறது. இதைக் கொண்டு தொல்காப்பியர் இன்றைய அறிவியலை அன்றே அறிந்தார் என்று நான் சொல்லமாட்டேன். வகைப்படுத்தும் அக்கறை நம் மரபிலும் உண்டு என்பதே என் கருத்து.

இங்கே நம் இலக்கணம் எனக்கு ஒரு திறவுகோல் தந்தது. பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூலார் பகுப்பதை நாம் அறிவோம். அவற்றுள் பொதுவும் உண்டு, சிறப்பும் உண்டு. அறிவியற் பெயரின் முதற்சொல் பொது. இரண்டாம் சொல் சிறப்பு. பிறக்கும்போது அதற்கு ஒரு காரணம் இருக்கலாம். ஆனால் வழங்கும்போது அது இடுகுறி போன்றதே. 'ஈட்டி' என்னும் பெயர் அப்பாம்புக்குப் பொருந்தவில்லை. ஆயினும் முன்னிட்ட பெயருக்கு முதன்மை என்னும் விதிப்படி நிலைத்திருக்கிறது. அதனால் யாருக்கும் கேடில்லை. ஈட்டி என்று நம்பி யாரும் அப்பாம்பை எறியப் போவதில்லை. பேரினம் மாறலாம், குடும்பம் மாறலாம். தவறு தெரிந்தால் திருத்தும் வாயில் அங்கே எப்போதும் திறந்திருக்கிறது.

மக்கள் வழங்கும் பெயரோ காரணப்பெயர். மண்ணுக்குள் இருப்பதால் மண்ணுளி. இதைவிடச் செம்மையான காரணப்பெயரை எந்த அறிஞரும் இட்டுவிட முடியாது. உழவன் கண்ணால் கண்டு இட்ட பெயர் அது. அதே பாம்புக்கு 'இருதலை மணியன்' என்பதும் காரணப்பெயரே. ஆனால் அந்தக் காரணம் பொய். பொய்யான காரணத்தைச் சுமக்கும் பெயர் சும்மா இருப்பதில்லை. அதை நம்புகிறவரைச் செயலில் இறக்குகிறது.

என்ன செயல்? ஆறு மாதம் ஒரு தலையும் ஆறு மாதம் மறு தலையும் வேலை செய்யும் என்பது ஒரு கதை. வித்தை காட்டுவோர் வாலின் நுனியைக் கீறி, வாயும் கண்ணும் இருப்பதுபோல் காட்டிய கொடுமையும் நடந்திருக்கிறது. இரண்டு தலை என்றால் ஏதோ தெய்வத்தன்மை இருக்க வேண்டும் என்று அடுத்த கதை பிறக்கிறது. அதை வைத்திருப்பவனுக்குச் செல்வம் கொழிக்கும், தீராத நோய் தீரும், புதையல் கிட்டும் என்கிறார்கள். எடைக்கேற்ப இலட்சக் கணக்கில், ஏன், கோடிக் கணக்கிலும் விலை பேசுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். தமிழகத்தின் பல மாவட்டங்களில் வனத்துறையினர் பாம்பை மீட்டு, ஆட்களைக் கைது செய்த செய்திகளை நாளிதழ்களில் நாம் படித்திருக்கிறோம். அப்படிப் பிடிபடுவோருள் இல்லாத செல்வத்தை நம்பி ஏமாந்த ஏழைகளும் உண்டு. என் மாணவியின் தாய்மாமா அத்தகையவர். பெரும் விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது என்று இடையில் நின்ற தரகன் சொன்னான். அவனுக்கு முன்பணம் கொடுக்கக் காணி நிலத்தை ஈடு வைத்தார். வாங்கும் ஆள் வரவேயில்லை. பாம்பு பானைக்குள்ளேயே செத்தது.

இன்னொரு பொய் இரண்டாவது மண்ணுளியைத் தொடர்கிறது. அது நக்கினால் தொழுநோயும் வெண்குட்டமும் வரும் என்னும் அச்சம் சிற்றூர்களில் இன்னும் நீங்கவில்லை. அதன் உடல் திட்டுகளைக் கண்டு பிறந்த கற்பனையாக இருக்கலாம். தொழுநோய் ஒருவகை நுண்ணுயிரால் வருவது; பாம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதே பாம்பைக் கண்ணாடி விரியன் என்று எண்ணி அடித்துக் கொல்வதும் உண்டு. அதைவிடக் கொடியது அதன் மறுதலை. விரியனை மண்ணுளி என்று எண்ணிக் கையில் எடுத்துக் கடிபட்டவர்களும் உண்டு. விரியனின் புள்ளிகள் சங்கிலிபோல் ஒழுங்காக அமைந்தவை. அதன் தலை கழுத்திலிருந்து அகன்று தோன்றும். மண்ணுளியின் திட்டுகள் ஒழுங்கற்றவை; தலையும் உடலும் ஒரே பருமனாக இருக்கும். ஆயினும் ஐயம் எழுந்தால் விலகி நிற்பதே அறிவுடைமை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ரசல் எந்த வேறுபாட்டை மக்களுக்குக் காட்ட முயன்றாரோ, அது இன்றும் உயிர்ப் பிரச்சினையாகவே இருக்கிறது. வகைப்பாடு ஏதோ அருங்காட்சியகத்துக் குப்பிகளுக்குரிய கலை என்று எண்ணியிருந்தேன். ஒரு மனிதனும் ஒரு பாம்பும் எதிரெதிரே நிற்கும் நொடியில் இருவரையும் காப்பது அந்தக் கலைதான்.

இவற்றையெல்லாம் படித்தபின், ஒரு நாள் அடையாற்றிலிருந்து கிண்டிப் பாம்புப் பண்ணைக்குப் போனேன். மண்ணுளி இருந்த கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் முதலில் மணல்தான் தெரிந்தது. பிள்ளைகள் வந்தார்கள், "ஒன்றுமே இல்லையே" என்று போனார்கள். நான் நின்றேன். வெகுநேரத்துக்குப் பின் மணல் ஓரிடத்தில் சற்றே நெகிழ்ந்தது. ஆப்பு போன்ற மூக்கு நுனி ஒன்று மேலே வந்தது. மணிபோன்ற மிகச் சிறிய கண்கள். அவ்வளவுதான், மீண்டும் மணல். ஒரு தலைதான் கண்டேன். அதைக் காண்பதற்கே அத்தனை பொறுமை வேண்டியிருந்தது. என் கவிதையை எழுதியபோது நான் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. கேட்ட கதையை எடுத்து அணிசெய்து அவையில் வைத்துவிட்டேன்.

கவிஞர் பெருமக்களே, இதனால் உவமையே கூடாது என்று நான் வாதிட வரவில்லை. அகநானூற்றில் கபிலர் இருதலைப் புள்ளைச் சொல்கிறார். பிரிவறியாத நட்பைக் காட்ட அமைந்த உவமை அது. அப்படி ஒரு பறவை இல்லை என்பதால் அந்தப் பாட்டு குறைவுபடவில்லை. இல்லாத பறவைக்கு யாரும் கண்ணி வைக்க முடியாது. நான் எடுத்ததோ இருக்கின்ற உயிர். இருக்கின்ற உயிரின்மேல் பொய்யை ஏற்றினால் அந்தப் பொய்யின் விலையை அந்த உயிர் கொடுக்கிறது. அதை நம்பும் எளிய மனிதனும் கொடுக்கிறான். நம் கவிதையைப் படித்துவிட்டா பாம்பு பிடிக்கப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். போகமாட்டார்கள். ஆனால் ஊரில் உலவும் ஒரு பொய்க்குப் படித்தவர் அவையில் மேடையும் கைதட்டும் கிடைக்கும்போது, அது பொய் என்று சொல்ல வேண்டியவர்கள் வாய் மூடிக்கொண்டவர்களாகிறோம். அன்று அந்த மாணவி தயங்கித் தயங்கிப் பேசியதற்குக் காரணம் அதுதான். தன் ஊர் அறிந்த உண்மைக்கு எதிரே ஆசிரியையின் அழகிய சொல் நின்றது.

உயிர்களை வகைப்படுத்துவோரிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஒரு பாம்பைத் தவறான பேரினத்தில் வைத்ததாகத் தெரிந்தால், அடுத்து வருபவர் அதை எடுத்து உரிய இடத்தில் வைக்கிறார். முன்னவரின் பெயரும் ஆண்டும் அழிவதில்லை. பிழையும் வரலாற்றில் இருக்கிறது, திருத்தமும் இருக்கிறது. அதில் யாருக்கும் இழிவில்லை. கவிதை எழுதும் நாமும் அவ்வாறு செய்யலாம் என்றே இதைச் சொல்கிறேன்.

ஆகவே என் கவிதை இம்மலரில் இடம்பெறவில்லை. அது பிழையான இனத்தில் வைக்கப்பட்ட ஒரு படைப்பு. அதன் இடத்தில் இவ்வுரையை ஏற்றுக்கொண்ட மலர்க்குழுவினருக்கு நன்றி. என் பிழையைத் திருத்திய அந்த மாணவிக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். இனி இந்த அவையில் யாரேனும் அந்தப் பாம்பைப் பாட நேர்ந்தால், அவள் ஊர் இட்ட பெயரால் அதை அழைக்க வேண்டுகிறேன். மண்ணுளி. அது போதும்.